பித்தக்கல்லும் தலைவிதியும்

(ஒரு கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



வலது விலாவுக்குக் கீழே வலி கண்டு துடிப்பவனைப் பார்த்து "உன் தலைவிதி" என்று சொல்லிவிடுவது சுலபம். விதியை இதுவரை எவனும் கண்டதில்லை; கல்லைக் கண்டிருக்கிறார்கள். கல்லீரலில் ஊறும் பித்தநீரைச் சேர்த்து வைக்க அதனடியில் ஒரு பை இருக்கிறது. அந்நீரில் கொழுப்புச்சத்து மிஞ்சினால் அது உறைந்து கல்லாகிறது. இதில் பிரம்மனுக்கு என்ன வேலை?

1867-ல் அமெரிக்காவில் ஜான் பாப்ஸ் என்ற வைத்தியர் பையைத் திறந்து கல்லை மட்டும் எடுத்தார். பையை விட்டுவைத்தால் மறுபடியும் கல் உண்டாகலாம். பையையே எடுத்தால் மனிதன் பிழைப்பானா என்று பயம். பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்பவர், குதிரைக்கும் யானைக்கும் பித்தப்பையே இல்லையே, அவை வாழவில்லையா என்று யோசித்தார். பிணங்களில் அறுத்துப் பழகி, 1882 ஜூலை 15-ந் தேதி 43 வயதுள்ள ஒருவரின் பித்தப்பையை அடியோடு எடுத்தார். நோயாளி பிழைத்தார், வலியும் ஒழிந்தது.

படித்தவர்களுக்கும் பிடிவாதம் உண்டு, தோழர்களே! 1985-ல் அதே ஜெர்மனியில் எரிக் மூஹே, வயிற்றை அகலக் கீறாமல், சிறு துளை வழியே கருவியை விட்டுப் பையை எடுத்தார். பெரிய வைத்தியர்கள் பரிகசித்தார்கள். 1992-ல் அவர்களுடைய சங்கமே அவருக்குப் பரிசளித்தது. இன்று உலகெங்கும் துளைவழிச் சிகிச்சையே வழக்கம். பெரியவர்கள் சொன்னதா என்று பார்க்காமல், செய்து காட்டியதா என்று பார்ப்பதே அறிவு.

கல் பையைவிட்டு நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால் காமாலை காணும். அதற்கும் வழியுண்டு. வாய்வழியாகக் குழாயை இறக்கி, பித்தக்குழாயின் வாயைச் சிறிது கீறிக் கல்லை எடுக்கும் முறையை 1974-ல் ஜெர்மானியரும் ஜப்பானியரும் வெளியிட்டார்கள்.

நம்மவர்களோ காமாலை என்றதும் மந்திரிக்கப் போகிறார்கள். "எனக்குக் குணமாயிற்றே" என்கிறார்கள். கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும், பெயர் மந்திரக்காரனுக்கு! கல் அடைத்த காமாலையோடு வலியும் குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்து. வேப்பிலைக்குக் கல் நகருமா?

எல்லோரும் வயிற்றை அறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. தொந்தரவு தராத கல்லுக்குப் பெரும்பாலும் கத்தி வேண்டியதில்லை. வலியோ காமாலையோ கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போய், கல் எங்கே இருக்கிறதென்று பாருங்கள் என்றுதான் சொல்லுகிறேன். தலையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் எவனுமில்லை. கல்லை எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.