எலி தூண்டிய விளக்கும் அணில் வணங்கிய பதியும்



அணில் என்றவுடன் சேது அணைக்கு மணல் சுமந்த கதையே பலருக்கும் நினைவில் எழும். சைவத்திலும் அணிலுக்கு ஓரிடம் உண்டு. அதன் இனத்ததாகிய எலிக்கும் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து இன்று சிந்திப்போம்.

அணில், எலி, முள்ளம்பன்றி ஆகியவை கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துக் கொறித்துத் தேய்க்காவிடின், அப்பற்களே உணவு கொள்ள ஒட்டாது தடுத்து உயிருக்கு இறுதியாகிவிடும். நம்முடைய 'யான், எனது' என்னும் செருக்கும் அத்தகையதே அன்றோ? நாள்தோறும் தேய்க்க வேண்டும்; தேய்க்காவிடின் வளர்ந்து உடையவனையே கொல்லும்.

விளக்கழகு என்று போற்றப்பெறும் திருமறைக்காட்டிலே, அணையும் நிலையிலிருந்த திருவிளக்கின் நெய்யை உண்ண ஓர் எலி வந்தது. சுடர் மூக்கைச் சுட்டது, எலி துள்ளிற்று, திரி தூண்டப்பெற்று விளக்கு நின்றெரிந்தது. எலி கருதியது நெய்யை, நிகழ்ந்தது திருத்தொண்டு. பெருமான் அதனை மறுபிறப்பில் மாவலியாக்கி மூவுலகும் ஆள அருளினான். அப்பரடிகள் திருக்குறுக்கை வீரட்டப் பதிகத்தில் இதனைப் பாடியருளியுள்ளார். ஆயின் அரசு பெற்ற மாவலி செருக்கைத் தேய்த்தானில்லை. முடிவில் மூன்றடிக்குத் தன் தலையையே கொடுக்க நேர்ந்தது.

இனி மற்றொரு பதியைக் காண்போம். காஞ்சிக்குத் தெற்கே, பாலாற்றுக்கு அப்பால் உள்ளது குரங்கணில்முட்டம். திருஞானசம்பந்தர் பாடல் பெற்றது. முட்டம் என்பது காக்கை. வாலி குரங்காகவும், இந்திரன் அணிலாகவும், இயமன் காக்கையாகவும் வழிபட்டு உய்ந்தமையால் இப்பெயர் என்பது தலவரலாறு. வானவர் தலைவன் ஒரு சிற்றணிலாய்க் குறுகி நின்றான், குறுகியபின்னரே வழிபட்டான், வழிபட்டபின்னரே உய்ந்தான்.

எலி அரசனாயிற்று, அரசன் அணிலானான். முன்னது அருளின் எளிமை; பின்னது அடியவர்க்கு வேண்டும் எளிமை. இரண்டையும் சேர்த்து உணர்தலே நம் கடன்.

"மந்திரம் அறியோம், பொருள் இல்லோம், எம்மால் ஆவது யாது?" என்று வருந்தும் அன்பர்களே! அறியாது தூண்டிய எலிக்கே அத்துணை அருளெனின், அறிந்து அன்போடு ஏற்றுவார்க்குச் சொல்லவும் வேண்டுமோ? நம் ஊர்களிலே அந்தியில் இருண்டு கிடக்கும் சிறு கோயில்கள் பல. ஆங்கு ஒரு கரண்டி எண்ணெய் வார்த்துத் திரியைத் தூண்டுங்கள். தூண்டியது நாம் என்ற எண்ணத்தை மட்டும் அவ்விளக்கிலேயே எரித்துவிட்டு வீடு திரும்புங்கள்.

திருச்சிற்றம்பலம்.