புள்ளினம் விரும்பும் புழைக்கடை

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இசையும் நாடகமும் காத்திருக்கும் இம்மாலையில், செடியையும் குருவியையும் பற்றிப் பேசக் கால்மணி நேரம் அளித்திருக்கிறீர்கள். அந்நேரத்திற்குள் ஒரே செய்தியைக் கூறி அமைய விழைகிறேன். இத்தலைநகரில் நம் குடியிருப்பின் பின்புறத்தே ஒவ்வோர் இல்லத்திற்கும் சிறு நிலம் உள்ளது. அங்கே பறவைகள் வந்து தங்க நாம் செய்யவேண்டுவது யாது என்பதே அச்செய்தி.

குளிரில் நடுங்குகிறது என்றெண்ணி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்த பேகனை நாம் அறிவோம். அத்தகைய ஈகையை நம் முன்னோர் ‘கொடைமடம்’ என்று அழகாகக் குறித்தனர். வள்ளலின் அன்பு பெரிது, ஐயமில்லை. ஆயினும் மயில் வேண்டியது போர்வையா? புதரும் புழுபூச்சியும் தெளிநீரும் அன்றோ? பறவைகளிடம் அன்புடையோர் பலர் இன்றும் பேகன் வழியிலேயே செல்கின்றனர். மாடியில் தானியத்தை இறைக்கின்றனர். கடையில் வாங்கிய வண்ணக் கூட்டைச் சுவரில் மாட்டுகின்றனர். வந்து சேர்வன புறாக்களே.

புறா மலைப்பாறை இடுக்குகளில் வாழ்ந்த பறவை. நம் கட்டடத்தின் விளிம்பு அதற்குப் பாறை. நாம் இறைக்கும் தானியம் அதற்கு விளைநிலம். அது பெருகப் பெருகச் சிறு பறவைகளுக்கு இடம் குறைகிறது. அதன் உலர்ந்த எச்சத்தூளை நெடுநாள் சுவாசிப்போர்க்கு நுரையீரல் ஒவ்வாமை நோய் வருவதுண்டு என மருத்துவர் கூறுவர். ஆகவே தானியம் இறைத்தல் நாம் எண்ணும் அளவு நல்லறம் அன்று.

சிட்டுக்குருவியை எடுத்துக்கொள்வோம். 2012-ஆம் ஆண்டில் தில்லி தன் மாநிலப் பறவையாக அதனை அறிவித்தது. 2020-இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் அறிக்கை, நாடு முழுவதையும் நோக்கின் அதன் தொகை பெரும்பாலும் நிலையாகவே உள்ளது என்றும், தில்லி, சென்னை முதலிய ஆறு பெருநகரங்களில் குறைந்து வருகிறது என்றும் காட்டியது. நகரத்தில் அரிசிக்கும் கோதுமைக்குமா பஞ்சம்? நெல்லும் கம்பும் கொத்தும் இக்குருவி, தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் ஊட்டுவது தானியம் அன்று. மெல்லிய புழுக்களும் சிறு பூச்சிகளுமே ஆம். முற்றமெல்லாம் சிமென்ட் பூசி, எஞ்சிய செடிக்கெல்லாம் மருந்து தெளித்துவிட்டால், தாய்க்குருவி புழுவுக்கு எங்கே போகும்? பறவையை விரும்புவோர் முதலில் புழுவைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதுவே நான் கூற வந்த செய்தியின் சாரம்.

இதனை விளக்க, நம் இல்லங்கள் அனைத்திலும் உள்ள ஒரு செடியையே சான்றாகக் காட்டுவேன். அது கறிவேப்பிலை. நாம் தெற்கிலிருந்து கொணர்ந்த செடி அது என்று பலர் எண்ணுகின்றனர். இமயமலை அடிவாரக் காடுகளிலும் அது தானாகவே வளர்கிறது. இங்குள்ளோர் அதனைக் ‘கடி பத்தா’ என்றும் ‘மீட்டா நீம்’ என்றும் வழங்குவர். தில்லிக் குளிரில் அது இலையுதிர்த்து நிற்கும். வேனிலில் மீண்டும் தளிர்க்கும். அத்தளிரில் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று முட்டையிடும். வெளிவரும் புழு முதலில் பறவை எச்சம் போலவே தோன்றி ஏமாற்றும். பின்னர் இலைநிறம் கொள்ளும். எலுமிச்சையிலும் இத்தகைய புழுவைக் காணலாம்.

தாய்மார்கள் அதனைக் கண்டவுடன் மருந்தைத் தேடுவது இயல்பே. சாம்பாருக்கு இலை வேண்டுமே! நான் கேட்பது இதுதான்: கைக்கு எட்டும் கிளைகள் உங்களுக்கு, எட்டாத உச்சிக்கிளைகள் புழுவுக்கு. அப்புழுக்களுள் சில தையற்சிட்டுக்கு இரையாகும். சில வண்ணத்துப்பூச்சியாகிப் பறக்கும். பூக்களையும் கிள்ளாமல் விட்டால், மழைக்காலத்தில் கருநீலப் பழங்கள் கொத்துக்கொத்தாகப் பழுக்கும். அப்போது கொண்டைக்குருவியும் குயிலும் அழையாமலே வரும். ஒரு செடி இலையால் நமக்கும், புழுவால் சிட்டுக்கும், பழத்தால் குயிலுக்கும் விருந்திடுகிறது.

இதனுடன் வேறு சில செடிகளும் சேரட்டும். அடுக்கிதழ்ச் செம்பருத்தியினும் ஒற்றை இதழ்ச் செம்பருத்தி நன்று. தேன்சிட்டின் அலகுக்கு அதில் தேன் எளிதில் எட்டும். ஆடாதொடை இப்பகுதியின் மேட்டுநிலங்களில் தானாகவே வளர்வது. அதன் வெண்ணிறப் பூக்களையும் தேன்சிட்டு நாடும். அச்சிட்டும் தன் குஞ்சுக்குத் தேனை நம்பியிராது, சிலந்தியையும் பூச்சியையும் ஊட்டும். சிலந்தி நூல் கொண்டே தன் தொங்குகூட்டைப் பிணைக்கும். ஆதலின் செடிகளிடையே உள்ள சிலந்திவலையைத் துடைப்பத்தால் அழிக்க வேண்டா. உதிர்ந்த சருகை எரிக்காமல் வேலியோரத்தில் குவித்து வைத்தால், தவிட்டுக்குருவிக் கூட்டம் அதனைப் புரட்டிப் புரட்டி இரை தேடும். இங்குள்ளோர் அவற்றைச் ‘சாத் பாயி’, அதாவது ஏழு சகோதரர் என்று அழைப்பர்.

அத்தவிட்டுக்குருவியின் கூட்டில் கள்ளத்தனமாக முட்டையிடும் பறவை ஒன்று உண்டு. தலையில் கொண்டையும், கறுப்பு வெள்ளை உடலும் உடைய சுடலைக்குயில் அது. வடநாட்டார் போற்றும் சாதகப்புள் இதுவே. தமிழ்நாட்டில் ஆண்டு முழுதும் வாழ்வது உண்டு. தில்லிக்கோ பருவமழையை ஒட்டி ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. முருங்கையில் அப்பும் கம்பளிப்புழுவை நாம் அஞ்சுகிறோம். இக்குயிலுக்கு அத்தகைய மயிர்ப்புழுக்கள் விருப்பமான உணவு. குளிர்காலத்திலோ சைபீரியாவிலிருந்து சிறு இலைக்கதிர்க்குருவிகள் வருகின்றன. ஒன்றின் எடை ஏறத்தாழ 8 கிராம். அவ்வளவு தொலைவு பறந்து வரும் அச்சிற்றுயிர் நம் செடியின் இலையடியில் தேடுவதும் பூச்சியையே. அதன் பயணத்தின் பயன் நம் மருந்துக் குப்பியில் முடிந்துவிடலாகாது.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு என்ன செய்யும் என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகே சான்று. இந்நகரின் வானில் அவை வட்டமிட்டதை மூத்தோர் கண்டிருப்பீர்கள். 1990-களில் அவை நாடெங்கும் மளமளவென மறைந்தன. மாட்டுக்குத் தந்த டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்தே காரணம் என்பது 2004-இல் வெளியாயிற்று. 2006-இல் கால்நடைக்கு அம்மருந்தை அரசு தடை செய்தது. மருந்திட்டவர் எவரும் கழுகைக் கொல்ல எண்ணியதில்லை.

இனி நீர். கோடையில் இரண்டு அங்குல ஆழமுள்ள அகன்ற மண்தட்டை நிழலில் வைத்து, நடுவே ஒரு கல்லை இடுங்கள். சிறு பறவை அதன்மேல் நின்று குடிக்கும். டெங்குக் கொசுவுக்கு அஞ்சுவோர் அஞ்சுவது முறையே. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். நாள்தோறும் நீரைக் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவி நிரப்பினால் அச்சம் இல்லை. பூனை பதுங்கும் புதரிலிருந்து தட்டு ஐந்தாறு அடியேனும் விலகியிருக்கட்டும்.

கூட்டுக்கு மரப்பெட்டி நன்று. தகரம் வெயிலில் கொதிக்கும். சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் துளை போதும். பெரிதாயின் மைனா புகுந்துவிடும். மாலை வெயில் படாத சுவரில் எட்டுப் பத்தடி உயரத்தில் பொருத்துங்கள். மரத்தில் பட்டுப்போன கிளை எவர் தலையிலும் விழாத இடத்தில் இருப்பின், அதனை வெட்ட வேண்டா. குக்குறுவான் அதனைக் குடைந்துதான் குடிபுகும்.

“இது அரசு வீடு, இன்று இங்கே, நாளை மாற்றல். நட்டவர் ஒருவர், நுகர்பவர் ஒருவரா?” என்று சிலர் வினவக்கூடும். நாம் இவ்வீட்டுக்கு வந்தபோது இங்கே நின்ற வேம்பை நட்டவர் யார் என்று நமக்குத் தெரியாது. ஆயினும் அதன் நிழலில் அமர்கிறோம். மற்றும் ஒன்று. 2016-இல் தில்லியின் ஏழு அரசுக் குடியிருப்புகளைப் புதிதாகக் கட்ட மத்திய அமைச்சரவை இசைந்தது. 2018-இல் மரம் வெட்டுவதை எதிர்த்து மக்கள் திரண்டனர். உயர்நீதிமன்றமும் தலையிட்டு வெட்டுதலை நிறுத்திவைத்தது. பழைய தாழ்ந்த வீடுகள் உயர்மாடிகளாக மாறும் காலம் இது. வீட்டுக்கொரு புழைக்கடை என்பது இனி அரிதாகும். உள்ளவர்கள் அதனைச் சிமென்டிட்டு மூட வேண்டா என வேண்டுகிறேன். மேல்மாடியில் வாழ்வோர் தொட்டியில் ஒரு கறிவேப்பிலையேனும் வளர்க்கலாம். பூங்காவின் ஒரு மூலையைப் புல்வெட்டும் கருவிக்கு விடாமல் புதராக விட்டுவைக்குமாறு குடியிருப்போர் சங்கத்தைக் கேட்கலாம்.

சிறுவர்களுக்கு ஒரு சொல். புதின ஆசிரியர் அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996-இல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். யானையை நோக்கிய அதே கருத்துடன் வீட்டுப்புறத்துச் சிற்றுயிர்களையும் அவர் நோக்கினார். நீங்களும் ஒரு குறிப்பேடு வைத்து, வந்த பறவை, வந்த நாள், அமர்ந்த செடி ஆகியவற்றை எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். வரும் பொங்கலன்று நம் குடியிருப்பிலும் அவ்வாறு எண்ணுவோம். அடுத்த ஆண்டு விழா மலரில் அக்கணக்கு அச்சாகட்டும்.

பெரியோர்களே! வரும் மழைக்காலத்திற்குள் இல்லந்தோறும் ஒரு கறிவேப்பிலைக் கன்று, ஒரு நீர்த்தட்டு, மருந்து படாத ஓரிரு கிளைகள். இவ்வளவே என் வேண்டுகோள்.