இதயத்துடிப்பு நிற்கும்வரை



கருக்கலைப்புத் தடை பற்றிக் கூடும்போதெல்லாம் அரசியல் சட்டம் பேசுகிறோம், சமயம் பேசுகிறோம், வாக்குக் கணக்கும் பேசுகிறோம். கட்டிலில் கிடப்பவளின் காய்ச்சல் அட்டவணைக்குத்தான் நேரம் இருப்பதில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2012 அக்டோபர் 21. அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழக மருத்துவமனையில் கர்நாடகத்துப் பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் சேர்க்கப்பட்டார். வயது 31, 17 வாரக் கர்ப்பம். கரு தங்காது என்று அன்றே தெரிந்துவிட்டது. மறுநாள் பனிக்குடம் உடைந்தது. 23ஆம் தேதி, கருவைக் கலைத்துவிடுங்கள் என்று கணவனும் மனைவியும் கேட்டார்கள். இதயம் துடிக்கிறது, சட்டம் இடம் தராது என்று பதில் வந்தது. சேர்த்த அன்று எடுத்த ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன; அந்த முடிவை யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. 24ஆம் தேதி விடியற்காலையில் கிடுகிடுவென நடுங்கியவருக்குப் பாரசிட்டமால் கொடுத்துப் போர்த்திவிட்டார்கள். அதற்குள் தொற்று முற்றியிருந்தது. அன்று பிற்பகல் கரு தானே கலைந்தது. 28ஆம் தேதி அவர் இறந்தார்.

சட்டத்தின் குற்றமா, மருத்துவமனையின் அசட்டையா என்று அங்கே இரு தரப்பும் மல்லுக்கு நின்றன. விசாரணைக் குழுவின் தலைவர் நம்மவர்: இலங்கைத் தமிழரும் லண்டன் மகப்பேறு மருத்துவப் பேராசிரியருமான சபாரத்தினம் அருள்குமரன். 2013 ஜூனில் வெளியான அறிக்கை இரண்டையும் சேர்த்தே சொன்னது. கருவின் இதயம் நிற்கும்வரை கைவைக்கக் கூடாது என்பதில் காட்டிய கவனம், தாய்க்குத் தொற்று ஏறுவதைக் கண்காணிப்பதில் இல்லை. தாயின் உயிருக்கே ஆபத்தென்றால் கலைக்கலாம் என்று 1992இலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது உண்மைதான். ஆனால் உடல்நலக் கேடு எந்த நேரத்தில் உயிராபத்தாகிறது? கணிப்புத் தப்பினால் 1861ஆம் ஆண்டுச் சட்டம் ஆயுள் தண்டனைவரை போகும். அந்த நிலையில் காத்திருப்பது மருத்துவருக்குப் பாதுகாப்பு. நோயாளிக்கு அல்ல.

இனி மக்கள் கருத்து. 1983இல் கருவின் உயிருரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்க 66.9 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2018 மே 25 அன்று அதை நீக்க 66.4 சதவீதம். நேரெதிர் முடிவு, விகிதம் மட்டும் கிட்டத்தட்ட அதே. சவிதாவின் மரணம் ஒன்றே இதைச் செய்தது என்று எழுதுவோர் உண்டு, நான் ஏற்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இங்கிலாந்துக்குப் போய்க் கருக்கலைத்துத் திரும்பியிருந்தார்கள், பெரும்பாலும் ஊருக்குத் தெரியாமல். வாக்கெடுப்புக்கு முன் 99 சாதாரணக் குடிமக்களை ஒரு மன்றமாகக் கூட்டி, மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் அந்தப் பெண்களின் வாக்குமூலங்களையும் கேட்கவைத்தார்கள். ஆதரவா எதிர்ப்பா என்று பொதுவாகக் கேட்டால் மக்கள் கொள்கையைச் சொல்வார்கள். இவளுக்கு இப்போது என்ன செய்வது என்று கேட்டால் யோசிப்பார்கள். அமெரிக்காவில் குடியரசுக் கட்சிக்குப் பெயர்போன கான்சஸ் மாநிலத்தில், கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை 2022 ஆகஸ்டில் வாக்காளர்கள் நிராகரித்ததையும் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அயர்லாந்தின் புதிய சட்டமும் 12 வாரத்துக்குப் பிறகு நிபந்தனை மீறிக் கலைப்பவருக்கு 14 ஆண்டுவரை சிறை வைத்திருக்கிறது. ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு கோரிக்கை: நீங்கள் பேசும் நாட்டுச் சட்டத்தில் விதிவிலக்கு உண்டு என்பதோடு நிறுத்தாதீர்கள். அதைப் பயன்படுத்த யார் கையெழுத்திட வேண்டும், அதற்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் சொல்லுங்கள். முதல் கட்டுரை போலந்தைப் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.