பெரிய நாயும் எங்கள் வீடும்

(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசும்படி பணித்திருக்கிறீர்கள். ஆகவே நித்திரை வராத விடயமொன்றைப் பேசுகிறோம்: பெரிய நாய்.

எங்கள் வீட்டில் இருப்பவன் 'கிறேட் டேன்' இனத்தவன். பெயரில் டென்மார்க் இருந்தாலும், இந்த இனத்தைக் காட்டுப்பன்றி வேட்டைக்கென வளர்த்தெடுத்தவர்கள் ஜேர்மனியர். எங்களுடையவனோ கோழிக்குஞ்சுக்கும் வழிவிட்டு நிற்பான்.

அமெரிக்காவில் சீயஸ் என்றொரு கிறேட் டேன், தோள்வரை 111.8 சென்ரிமீற்றர் உயர்ந்து கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தது. எங்களுடையவன் அவ்வளவு இல்லை. என்றாலும் சாப்பாட்டு மேசையில் நாடியை வைக்க அவன் எம்பத் தேவையில்லை. வாலும் தேநீர்க் கோப்பைகளின் மட்டத்தில்தான். அவனுக்குச் சந்தோஷம் வந்தால் எங்களுக்குக் கோப்பை போகும்.

வருபவர்கள் படலையடியில் நின்று, "நாய் கடிக்குமோ?" என்பார்கள். "கடிக்கமாட்டான், சாய்வான்" என்போம். 70 கிலோ அன்போடு சாய்ந்தால், வந்தவர் சொல்லாமலே கதிரையில் இருந்துவிடுவார்.

வெடிச்சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே புகுவான். பிறகு மேசைதான் வீட்டுக்குள் நடந்து திரியும். மிருக வைத்தியரிடம் போக ஓட்டோவை மறித்தால், சாரதி அவனைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார். "உங்களில ஆர் வாறது?" என்பார்.

சிரிப்புக்கு நடுவே ஒரு சொல். இவற்றின் நெஞ்சுக்கூடு ஆழமானது. வயிறு காற்றால் ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். சாப்பாட்டை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்ட கையோடு ஓடவிடாதீர்கள். வயிறு ஊதி, ஓங்காளித்தும் ஒன்றும் வெளிவராவிட்டால், விடியட்டும் என்று இராமல் உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். சில மணித்தியாலங்களில் உயிர் போய்விடும்.

உடல் பெருத்தால் ஆயுள் குறைவு என்பது நாய்களின் கணக்கு. சிறிய இனங்கள் பல 14, 15 வருடம் இருக்கும். இவற்றுக்குப் பெரும்பாலும் 8 முதல் 10 வருடந்தான். எங்களுடையவனுக்கு இப்போது 7. முகம் நரைத்துவிட்டது. நூறு வருடத்தை எண்ணி மகிழும் இந்தச் சபையில், நாங்கள் எண்ணிக்கொண்டிருப்பது அந்த மிச்ச வருடங்களை. அதனால் கோப்பை உடைந்தாலும் இப்போது ஏசுவதில்லை. சில்வர் பேணிக்கு மாறிவிட்டோம்.

ஒருநாள் தேத்தண்ணிக்கு வாருங்கள். சுவரோடு சேர்ந்து நில்லுங்கள்.