சொல்லும் வில்லையும்



பதினேழாம் நூற்றாண்டை டச்சு மக்களின் பொற்காலம் என்பர். கடலோடு போராடி நிலம் மீட்ட அச்சிறு நாடு, வணிகத்திலும் ஓவியத்திலும் அறிவியலிலும் ஐரோப்பாவின் முன்வரிசையில் நின்ற காலம் அது. அச்செல்வத்தில் கீழை நாடுகளைச் சுரண்டிய பொருளும் கலந்திருந்தது என்பதை மறப்பதற்கில்லை. எனினும் செல்வம் மட்டுமே அறிவை வளர்த்துவிடாது. அங்கே அறிவு வளர்ந்த வழிகளுள் ஒன்று, மொழியை நேசிப்போர் எண்ணிப் பார்க்கத் தக்கது. பட்டறையின் மொழியும் படிப்பறையின் மொழியும் ஒன்றான வழி அது.

அன்று ஐரோப்பாவில் கற்றோரின் மொழி இலத்தீன். அறிவியல் எழுதுவோர் அம்மொழியிலேயே எழுதினர். அந்த மரபினின்று விலகி நின்றவர், புரூஜ் நகரில் 1548இல் பிறந்த சைமன் ஸ்டெவின். 1585இல் தசம பின்னங்களைப் பற்றி அவர் வெளியிட்ட சிறுநூல் டச்சு மொழியில் அமைந்தது. வானியலார், நிலம் அளப்போர், கம்பளம் அளப்போர், மது அளப்போர், வணிகர் ஆகியோரை விளித்தே அந்நூல் தொடங்குகிறது. தசம முறையை முதலில் கண்டவர் அவரல்லர். கணக்கறிஞரிடம் இருந்ததை ஐரோப்பாவின் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தவர் அவர். 1600இல் லெய்டன் நகரில் பொறியாளர்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளி தோன்றியது. ஸ்டெவின் பாடத்திட்டம் வகுத்த அப்பள்ளியில் டச்சு மொழியிலேயே கற்பித்தனர்.

கற்பிக்கச் சொற்கள் வேண்டுமல்லவா? அவற்றை அவர் ஆக்கினார். ஐரோப்பிய மொழிகளுள் பெரும்பாலானவை கணிதத்துக்குக் கிரேக்கச் சொல்லையே இன்றளவும் வழங்குகின்றன. டச்சு மொழியோ 'உறுதியானவற்றை அறிதல்' என்று பொருள்படும் 'விஸ்குண்டே' என்ற தன் சொல்லை வழங்குகிறது. ஸ்டெவின் ஆக்கிய சொல்லின் வழிவந்தது அது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். உலகின் மிகத் தொன்மையான மொழி டச்சே என்றும் ஸ்டெவின் நம்பினார். 1586இல் வெளிவந்த தம் எடைக்கலை நூலின் முகப்பில் தம் மொழியின் மேன்மையை விரிவாகப் பேசினார். அந்தத் தொன்மைக் கொள்கையை இன்று எந்த மொழியறிஞரும் ஏற்பதில்லை. ஆனால் அவர் ஆக்கிய சொல்லைப் பள்ளிச் சிறுவர்கள் நாள்தோறும் சொல்கிறார்கள். பெருமிதம் உதிர்ந்தது, உழைப்பு நிலைத்தது.

ஸ்டெவின் 1620இல் மறைந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, டெல்ஃப்ட் நகரில் கூடை முடைபவர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார் ஆண்டன் வான் லூவன்ஹாக். அவர் துணி வணிகர், இலத்தீன் அறியாதவர். கடுகளவான கண்ணாடி வில்லைகளைத் தாமே செய்து, அவற்றின் வழியே கண்டவற்றை 1673 முதல் இலண்டன் ராயல் சங்கத்துக்கு டச்சு மொழியில் எழுதினார். சங்கத்தின் செயலர் ஓல்டன்பர்க் அக்கடிதங்களை மொழிபெயர்த்து வெளியிட்டார். மிளகின் காரத்துக்குக் காரணம் தேடி மிளகை நீரில் ஊறவைத்தவர், அந்நீரில் எண்ணற்ற சிற்றுயிர்கள் நீந்தக் கண்டு 1676இல் எழுதினார்.

அவ்வளவு சிறியவற்றை அளந்து சொல்ல அன்று அலகில்லை. லூவன்ஹாக் மணல் துகளையும் தலைமயிரையும் பேனின் கண்ணையும் எடுத்துக்கொண்டு, அவற்றோடு ஒப்பிட்டே அளவு கூறினார். கவிஞர்களின் கருவியான உவமை அங்கே அளவுகோலாயிற்று. சங்கத்தார் ஐயுற்றபோது, சமயகுருமார் உள்ளிட்ட எட்டுப் பேரின் சான்றுகளை அனுப்பினார். 1677இல் இராபர்ட் ஹூக் தாமே செய்து பார்த்து உறுதிப்படுத்தினார். 1680இல் துணி வணிகர் சங்கத்தின் உறுப்பினரானார்.

ஆயினும் ஒரு குறை உண்டு. கண்டதையெல்லாம் சொன்னவர், கண்ட வழியைச் சொல்லவில்லை. சிறந்த வில்லைகளைச் செய்யும் முறையை அவர் மறைத்தே வைத்தார். இளைஞர்களுக்குக் கற்பிக்குமாறு லைப்னிட்ஸ் வேண்டியும் இணங்கவில்லை. 1723இல் அவர் மறைந்தபோது அந்த இரகசியமும் உடன் சென்றது. அவர் அளவுக்கு நுணுகிக் காணப் பின்வந்தோர் நெடுங்காலம் இடர்ப்பட்டனர். அவர் செய்த ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வில்லைகளில் இன்று எஞ்சியவை மிகச் சில. அவற்றுள், உட்ரெக்டில் உள்ளதும் ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டுவதுமான ஒன்றை நியூட்ரான் கதிர்களால் ஆராய்ந்து, அதன் முடிவை 2021இல் வெளியிட்டனர். கண்ணாடி இழையை உருக்கிச் சிறு மணியாக்கும் முறையில் அவ்வில்லை செய்யப்பட்டிருந்தது. ஹூக் முன்பே அச்சிட்டு உலகுக்குச் சொன்ன முறைதான் அது. பிறர் திறந்து வைத்த வாயில் வழியே சென்றவர், தமக்குப் பின் கதவை அடைத்துக்கொண்டார்.

தாய்மொழி ஒன்றே அந்நாட்டில் அறிவியலை வளர்த்தது என்று கொள்ளலாகாது. ஊசல் கடிகாரம் கண்ட கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இலத்தீனிலும் பிரெஞ்சிலும் தம் பெருநூல்களை எழுதினார். லூவன்ஹாக்கின் டச்சுக் கடிதங்களும் ஒரு மொழிபெயர்ப்பாளர் இல்லையேல் டெல்ஃப்டிலேயே தங்கியிருக்கும். சொல் ஆக்குவோரும், கண்டதை மறையாது சொல்வோரும், அதை எல்லை கடத்துவோரும் கூடிய இடத்தில்தான் ஒரு மொழி அறிவியலைத் தாங்குகிறது.

பத்தாண்டுகளாகச் சொல்லைப் போற்றிவரும் ஓர் இலக்கிய வட்டத்துக்கு இம்மூவரும் உறவினரே. தம் மொழி தொன்மையானது என்ற பெருமையைவிட, தச்சனும் நெசவாளியும் தாம் கண்டதை எழுதத் தக்க சொற்களை அம்மொழி இன்று தருகிறதா என்ற கேள்வியே அவர்கள் விட்டுச்சென்றது. அதற்கு விடை சொல்லும் பொறுப்பில் கவிஞர்களுக்கும் பங்குண்டு.