வெட்டுப்புள்ளிக்குக் கீழே உள்ள பிள்ளைகள்



ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளுக்கு மாலை சூட்டி மகிழ்கிறோம். மற்றப் பிள்ளைகள் கெட்டித்தனம் குறைந்தவர்களா?

1905இல் பிரான்சில் அல்பிரட் பினேயும் தியடோர் சிமோனும் நுண்ணறிவுச் சோதனையொன்றை அமைத்தார்கள். மேலதிக உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். நுண்ணறிவைப் பயிற்சியால் வளர்க்கலாம் என்றே பினே நம்பினார்.

2005இல் அமெரிக்காவில் ஏஞ்சலா டக்வேர்த், மார்ட்டின் செலிக்மன் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதிலே எட்டாந்தர மாணவர் 164 பேரின் ஆண்டிறுதிப் புள்ளிகளோடு நுண்ணறிவு ஈவைவிடச் சுயகட்டுப்பாடே நெருங்கிய தொடர்பு காட்டியது. ஓர் ஆய்வு முடிந்த முடிபாகாது. ஆனாலும், நாளாந்தம் படிக்கும் பழக்கத்தின் பெறுமதியை அது உணர்த்துகிறது.

பழக்கத்தை நாம் கற்றுக்கொடுக்கலாம். எனவே நூற்றாண்டு காணும் நம் சங்கம், சித்தியடைந்தோருக்குப் பரிசளிப்பதோடு, தவறவிட்ட பிள்ளைகளுக்கு மாலைநேர வாசிப்பு வகுப்பொன்றையும் தொடங்க வேண்டும். நம்மில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பலர் உண்டு. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும்.