உறுதி முடிக்க முதல் வீட்டை ஒருக்கால் பாருங்கள்



எனக்கு முன்னர் பேசிய சட்டத்தரணி உறுதி, பதிவு பற்றியெல்லாம் விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் சட்டம் படித்தவள் அல்ல, கலைப்பட்டதாரி. எனக்குச் சொல்ல இருப்பது ஒரேயொரு விடயம். வாங்கப்போகும் வீட்டைக் கடைசியாக எப்போது போய்ப் பார்ப்பது?

எங்கள் அம்மா இருந்த நகையை விற்று, அண்ணா அனுப்பிய காசையும் சேர்த்து ஒரு வீடு வாங்கினவ. கையொப்பம் வைக்கப் பத்து நாளைக்கு முதல் போய்ப் பார்த்தவ. எல்லாம் ஒழுங்காக இருந்தது. உறுதி முடிந்து திறப்போடு போனால் தண்ணி மோட்டர் இல்லை. குசினிக் கதவு நிலையோடு கழற்றப்பட்டிருந்தது. பின்னறையில் விற்றவரின் உறவுக்காரர் ஒருவர் பாய் விரித்துப் படுத்திருந்தார். அவரை எழுப்ப எங்களுக்கு நாலு மாதம் எடுத்தது. அந்த நாலு மாதமும் நாங்கள் வாடகை கட்டினோம்.

ஏன் இப்படி நடக்கிறது? 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்கவேண்டும். நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையொப்பம் வைக்கப்படவேண்டும். பெரும்பாலும் மீதிக் காசும் அந்த மேசையில்தான் கைமாறுகிறது. அதுவரைக்கும் உங்கள் சொல்லுக்குப் பெறுமதி இருக்கிறது. காசு போனபிறகு மோட்டரைக் கேட்டால் ஏச்சுத்தான் கிடைக்கும்.

ஆகவே இரண்டு விடயம் பொருந்திவரும் நேரத்தில் போங்கள். விற்பவர் சாமான்களை ஏற்றி வீட்டை வெறுமையாக்கியிருக்க வேண்டும். கையொப்பத்துக்கு ஒரு நாளுக்கு மேல் இருக்கக்கூடாது. காலையில் கையொப்பம் என்றால் முதல் நாள் பின்னேரம் போகவேண்டிவரும், வெளிச்சம் போய்விடும். பின்னேரத்துக்குக் கையொப்பத்தை வைத்துவிட்டு அன்று காலையில் போவது நல்லது என்பது என் எண்ணம். நாங்கள் ராகுகாலம், எமகண்டம் பார்த்து நேரம் குறிக்கிற ஆட்கள். குறிக்கிறபோதே வீடு பார்க்க இரண்டு மணித்தியாலத்தையும் சேர்த்துக் குறியுங்கள்.

“உறுதி முடியட்டும், ஒரு கிழமையில் எழும்புறம்” என்று விற்பவர் சொன்னால்? அவருக்கும் போக இடம் வேண்டும், அது விளங்குகிறது. ஆனாலும் கையொப்பத்தை ஒரு கிழமை தள்ளிவைப்பதுதான் இரண்டு பகுதிக்கும் நல்லது.

போய் எதைப் பார்ப்பது? இதற்கான வேலை முற்பணம் கொடுக்கிற அன்றே தொடங்குகிறது. வீட்டோடு சேர்ந்து வருவது என்னென்ன என்று அன்றே உடன்படிக்கையில் எழுதுவியுங்கள்: மோட்டர், தண்ணீர்த்தாங்கி, கதவு, யன்னல், மின்விசிறி, தகரம். தொலைபேசியில் படமும் எடுங்கள். கடைசி நாளில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லா சுவிச்சையும் போட்டுப் பாருங்கள். மோட்டரை ஓடவிட்டுத் தாங்கியில் தண்ணி ஏறுகிறதா என்று நின்று பாருங்கள். பூட்டியிருக்கும் அறையைத் திறக்கச் சொல்லுங்கள். “உள்ளே பழைய சாமான்தான்” என்றாலும் திறக்கச் சொல்லுங்கள். கடைசி மின்பட்டியல் கட்டப்பட்டதா என்று பற்றுச்சீட்டைக் கேளுங்கள்.

வெளியே வந்து எல்லைக் கற்களை நில அளவைப் படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச்சஸ். வேலிக் கதியால் ஒரு முழம் உள்ளே வந்தாலும் நீள வேலியில் அது கொஞ்ச நிலமில்லை. கிணறு பங்குக் கிணறு என்றால் அந்தப் பங்கும் ஒழுங்கைப் பாதையும் உறுதியில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடைசிப் பார்வையில் தெரியாதவையும் இருக்கின்றன. கூரை ஒழுகுவது மாரியில்தான் தெரியும். தை மாதம் நிறைந்திருக்கும் கிணறு ஆவணியில் எப்படியிருக்கும், உவர்க்குமா என்பதை விலை பேசுகிறபோதே பக்கத்து வீட்டில் கேட்டு வையுங்கள்.

வீட்டைப் பார்க்கிற அதே நாளில், அல்லது முதல் நாள், காணிப் பதிவகத்திலும் ஒருமுறை பார்க்கச் சொல்லி நொத்தாரிசைக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு முதல் பார்த்தது போதாது. இடையில் ஒரு ஈடோ வேறொரு உறுதியோ பதியப்பட்டிருந்தால் முன்னுரிமை அதற்குப் போகக்கூடும். வன்னியில் வாங்குவோர் அது அனுமதிப்பத்திரக் காணியா என்பதை முற்பணம் கொடுக்க முதலே பிரதேச செயலகத்தில் கேட்கவேண்டும். அத்தகைய காணியை உரிய அனுமதி இல்லாமல் கைமாற்ற ஏலாது.

ஏதும் குறை கண்டால் அங்கேயே வாய்த்தர்க்கம் வேண்டாம். படம் எடுங்கள். நொத்தாரிசுக்குச் சொல்லுங்கள். பொருளைத் திரும்ப வைக்கலாம், அதன் பெறுமதியை விலையில் கழிக்கலாம், இல்லையென்றால் நாளை மாற்றலாம். கையொப்பம் வைக்கவில்லை என்றால் இது மூன்றும் உங்கள் கையில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய பிள்ளைகள் “இன்னும் முடியவில்லையா” என்று தொலைபேசியில் அவசரப்படுத்துவார்கள். அவர்களுக்கும் அந்தப் படத்தை அனுப்புங்கள்.

திறப்பை வாங்குகிறபோது எத்தனை என்று எண்ணி, ஒவ்வொன்றையும் அதன் பூட்டில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். எங்கள் அம்மாவின் கிணற்றடிப் படலைக்கு இன்னும் திறப்பு வந்துசேரவில்லை. கம்பியால்தான் கட்டியிருக்கிறா.